தொழிலும் ஊரும்
தென்னகத் திருச்சபைகளின் தொழிற்பயிற்சி வரலாறு: ஒரு மீள்நோக்கு

கிராமச் சேகரங்களில் பணியாற்றும் ஆயர்களுள், தையற்பயிற்சி முடித்தோருக்குச் சான்றிதழ் வழங்கும் விழாவில் ஒருமுறையேனும் தலைமை தாங்காதவர் அரியர். வேத வாசிப்பு, ஜெபம், வரவேற்புரை, சான்றிதழ் வழங்கல், நன்றியுரை எனும் ஒழுங்கில் அவ்விழா நடந்தேறும். சேகரத்தின் ஆண்டறிக்கையில் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையும் இடம்பெறும். ஆயின், பயிற்சி பெற்றோர் பின்னர் எங்குச் சென்றனர், கற்ற தொழிலால் பிழைக்கின்றனரா, ஊரிலேயே உள்ளனரா என்னும் வினாக்களுக்கு நம் ஆண்டறிக்கைகளில் விடை கிடைப்பதில்லை. இக்குறை இன்று தோன்றியதன்று. நம் திருச்சபைகள் கிராம மக்களுக்குத் தொழில் கற்பிக்கத் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வரலாறு நெடுகிலும் இவ்வினா தொடர்ந்து வருகிறது. சில இடங்களில் அதற்கு நல்ல விடையும் கிடைத்துள்ளது. அவ்விடையை மறந்துவிட்டதே நம் இன்றைய இடர்ப்பாடு என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. ரேந்தையும் விடுதலையும்

தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனைச் சார்ந்த மால்ட் தம்பதியர் 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவில் வந்தனர். திருமதி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி நடத்தி, அதில் லேஸ் எனப்படும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். மேனாட்டுப் பெண்களின் பொழுதுபோக்கான இக்கைவேலை நம் நாட்டில் வேறொரு பொருளைப் பெற்றது. அக்காலத் திருவிதாங்கூரில் மனிதரை அடிமைகளாக வாங்குதலும் விற்றலும் சட்டத்துக்கு உட்பட்ட செயல்களாயிருந்தன. அடிமை முறை அங்கு ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னரே, அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என மிஷன் வரலாறுகள் பதிவு செய்துள்ளன. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-ஆம் ஆண்டில் இராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றபோது அக்கைத்தொழிலும் அவரோடு திருநெல்வேலித் தேரிக்காட்டுக்குச் சென்றது.

இம்முயற்சியில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, ரேந்தைப் பின்னல் எந்தச் சாதிக்கும் பரம்பரையாக உரியதன்று; ஆதலால் அதை யாரும் கற்கலாம், யாரும் தடுக்க இயலாது. இரண்டாவது, வீட்டிலிருந்தவாறே செய்யத்தக்கது. பின்னுவோர் ஊரைவிட்டுப் பெயரவேண்டியதில்லை. மூன்றாவது, பின்னிய பொருளுக்குச் சந்தையை மிஷனெரி அம்மையாரே தேடினார். முன்னிரண்டும் இத்தொழிலின் பலம். மூன்றாவது பலமும் பலவீனமும் ஆயிற்று. பின்னிய கை உள்ளூரில் இருந்தது; விற்கும் கையோ கடல் கடந்த தொடர்புகளையே நம்பியிருந்தது.

2. பஞ்சமும் தொழிற்சாலைப் பள்ளியும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் எண்ணற்ற பிள்ளைகளை அநாதைகளாக்கியது. அப்பஞ்ச காலத் தொடக்கத்தில் நாசரேத்துக்கு வந்த மர்காஷிஸ் ஐயர், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பராமரித்ததோடு, அவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டும் என்னும் நோக்கில் 1878-ஆம் ஆண்டில் கலைத் தொழிற்பள்ளியையும் நிறுவினார். 1908-ஆம் ஆண்டில் மறையும்வரை நாசரேத்தின் வளர்ச்சிக்கே உழைத்த அவரது பணிகளுள் இப்பள்ளி தலையாயவற்றுள் ஒன்று.

இத்தகைய பள்ளிகளின் அருமையை அறிய, அக்காலக் கிராமப் பொருளாதார அமைப்பை நினைவுகூர வேண்டும். தச்சும் கொல்லும் ஊரின் மரபுரிமைத் தொழில்கள். தச்சருக்கும் கொல்லருக்கும் களத்துமேட்டில் ஆண்டுதோறும் அளந்து தரும் தானியம் இன்னதென ஊர் வழக்கம் வகுத்திருந்தது. அவ்வுரிமை பிறப்பால் வருவது. மிஷன் தொழிற்பள்ளியோ, பிறப்பால் அவ்வுரிமை இல்லாத பிள்ளையின் கையில் உளியையும் இழைப்புளியையும் கொடுத்தது. தொழிலைச் சாதியினின்று பிரித்தெடுத்த இச்செயல் சமூகத்தில் ஒரு சிறு புரட்சியே ஆகும். நற்செய்தியின் உட்பொருளோடு இயைந்த செயலுமாகும்.

ஆயினும் அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். கற்றவனுக்குக் கைத்திறன் வந்தது. ஊரில் இடம் வரவில்லை. பரம்பரைத் தச்சர் இருக்கும் ஊரில், பள்ளியில் கற்ற தச்சருக்குக் களத்தில் நெல் அளப்பார் யார்? அவரது கைத்திறனுக்கு விலை கிடைக்கும் இடம் நகரமே. இவ்வாறு, ஊராரை வாழ்விக்க எழுந்த தொழிற்பள்ளி, ஊரினின்று வெளியேறும் வாயிலாகவும் அமைந்தது. தொழிலைக் கற்பித்த நம் முன்னோர், அத்தொழிலுக்கு ஊரில் இடம் உண்டாக்குவதைத் தம் கடமையின் பகுதியாகப் பெரும்பாலும் கருதவில்லை.

3. ஓட்டுச்சாலையும் சபையும்

இவ்விடர்ப்பாட்டுக்கு மேற்குக் கரையிலிருந்த பாசல் மிஷன் வேறொரு விடையைக் கண்டது. திருமுழுக்குப் பெற்றதனால் உறவையும் பிழைப்பையும் இழந்தோருக்கு மிஷனே வேலை தந்தது. 1851-ஆம் ஆண்டில் மங்களூர் வந்த ஹாலர் என்னும் நெசவறிஞர் அங்கு நெசவாலையைச் செம்மைப்படுத்தினார். 1865-ஆம் ஆண்டில் பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். மங்களூர் ஓடு எனத் தென்னகமெங்கும் நாம் அறியும் ஓட்டின் தொடக்கம் அதுவே. கோழிக்கோடு, கண்ணனூர் முதலிய இடங்களிலும் மிஷன் ஆலைகள் பெருகின.

இங்குத் தொழிலும் உண்டு, சந்தையும் உண்டு, கூலியும் உண்டு. ஆனால் புதியதோர் இடர் எழுந்தது. ஆயரைக் கொண்ட மிஷனே முதலாளியுமாயிற்று. ஞாயிறன்று திருவிருந்து தரும் கையும் சனிக்கிழமையன்று கூலி தரும் கையும் ஒன்றானால், சபையார் அக்கையை எதிர்த்துப் பேசுவது எவ்வாறு? மேலும், முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியத் தொடர்பு காரணமாக அரசு அவ்வாலைகளைக் கைப்பற்றிற்று. போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்திடம் சென்றன. பல்லாண்டு உழைத்த தொழிலாளர் அம்மாற்றத்தைப் பார்த்திருந்தனரேயன்றி, அதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. திறன் அவர்களுடையது, கருவியும் கணக்கும் நிறுவனமும் பிறருடையவை.

4. கே.டி. பாலும் கடனாளிக் கிராமமும்

இம்மூன்று அனுபவங்களுக்கும் பின்னரே, இந்தியத் திருச்சபைத் தலைவர் ஒருவரின் சிந்தனை இத்துறையில் புதுவழி காட்டியது. அவர் சேலத்தில் 1876-ஆம் ஆண்டு பிறந்த கனகராயன் திருச்செல்வம் பால். 1905-ஆம் ஆண்டு செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோது அசரியாவுடன் தோள்கொடுத்தவர். 1916-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் அகில இந்தியப் பொதுச் செயலராகிய முதல் இந்தியர். 1930-ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டிற் பங்கேற்று, மறு ஆண்டே மறைந்தவர்.

வாலிபர் சங்கம் அதுகாறும் நகர மாணவருக்கும் அலுவலருக்கும் உரிய இயக்கமாயிருந்தது. பால் அதைக் கிராமத்துக்குத் திருப்பினார். அவர் முதலில் திறந்தது பயிற்சிப்பள்ளி அன்று. கூட்டுறவுக் கடன் சங்கங்களையே தொடங்கினார். காரணம் தெளிவானது. வட்டிக்காரரிடம் மீளாக் கடனில் அகப்பட்டவருக்கு எத்தொழிலைக் கற்பித்தாலும் அதன் பயன் கடன் கொடுத்தவரையே சேரும். ஆகவே கடன் கட்டை அவிழ்ப்பதே தொழிற்கல்வியின் முதற்பாடம் என அவர் கண்டார். ஆவி, அறிவு, உடல், சமூகம், பொருளாதாரம் ஆகிய ஐந்தும் ஒன்றாக வளரவேண்டும் என்பது அவர் வகுத்த கிராமப் பணித் திட்டத்தின் அடிப்படை.

பிரேசர் தலைமையில் 1919-20-ஆம் ஆண்டுகளில் இந்தியக் கிராமக் கல்வியை ஆராய்ந்த மிஷன் குழுவிலும் பால் உறுப்பினராயிருந்தார். கிராமப் பள்ளி, பிள்ளையைக் கிராம வாழ்வினின்று பெயர்த்தெடுக்கும் கருவியாக இராமல், கிராம வாழ்வை உயர்த்தும் கருவியாகவேண்டும் என்பதும், பயிரும் கைத்தொழிலும் கல்வியின் உள்ளீடாக வேண்டும் என்பதும் அக்குழுவின் அறிக்கையில் வலியுறுத்தப்பட்டன.

5. மார்த்தாண்டம்

இச்சிந்தனைக்கு முழு உருவம் கிடைத்த இடம், அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள மார்த்தாண்டம். 1920-களின் முற்பகுதியில் வாலிபர் சங்கம் அங்குக் கிராமப் புனரமைப்பு நிலையத்தை அமைத்தது. அதை வளர்த்தவர் அமெரிக்க வேளாண் அறிஞர் ஸ்பென்சர் ஹாட்ச். அவர் 1932-ஆம் ஆண்டிலும் 1938-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் மார்த்தாண்டத்தின் பெயரைப் பிற நாடுகளிலும் பரப்பின. பின்னர் அவர் மெக்சிகோ நாட்டுக் கிராமங்களிலும் இம்முறையைக் கையாண்டார்.

மார்த்தாண்ட நெறி, மக்கள் தாமே தமக்கு உதவிக்கொள்ள, நிபுணர் அருகிருந்து ஆலோசனை தருவது. இலவசமாகப் பொருள் வழங்குதல் அங்கு இல்லை. பெருஞ்செலவுக் கட்டடங்களும் இல்லை. ஏழைக் குடும்பம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள பொருளைக் கொண்டு, மிகுந்த செலவின்றிச் செய்யக்கூடியதையே நிலையம் கற்பித்தது.

தேனீ வளர்ப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மரப்பொந்துகளிலுள்ள தேனடையைப் பிழிந்து தேன் எடுப்பது பழைய வழக்கம். அதனால் அடை அழியும். புழுவும் தூசியும் தேனிற் கலக்கும். நம் நாட்டுச் சிறு தேனீக்கு ஏற்ற மரப்பெட்டியை நியூட்டன் என்னும் இயேசு சபைக் குரு 1910-களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் வடிவமைத்திருந்தார். அசையும் சட்டங்களைக் கொண்ட இவ்வகைப் பெட்டி மார்த்தாண்டத்தின் வழியாக வீடுகளிற் பரவியது. சட்டத்தைக் கழற்றிச் சுழல் கருவியிலிட்டுத் தேனை எடுத்து, அடையைத் தேனீக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊர்த் தச்சர் பெட்டி செய்தார். வீட்டார் தேனீயை வளர்த்தனர். தரம் பார்த்துப் புட்டியிலடைத்து விற்பதைக் கூட்டுறவு மேற்கொண்டது. 1930-களில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது. அப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியது இத்தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று. இரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும் மாதங்களில் இளந்தளிர்க் காம்பில் ஊறும் இனிப்பு நீரைத் தேனீக்கள் திரட்டுகின்றன.

கோழி வளர்ப்பிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். நாட்டுக்கோழியோடு உயர்ந்த சாதிச் சேவலைச் சேர்த்து இனத்தைத் திருத்தினர். சேவலைப் பிரித்து வைத்தால் கிடைக்கும் கருக்கொள்ளாத முட்டை வெயிலில் விரைவில் கெடாது என்பதைப் பெண்களுக்கு விளக்கினர். முட்டைகளைத் தரம் பிரித்து நகரச் சந்தைக்கு அனுப்பக் கூட்டுறவு அமைத்தனர். பனைவெல்லத்தைத் தூய்மையாகக் காய்ச்சுதல், நெசவு முதலியவற்றிலும் இவ்வாறே நடந்தது. வெளியூர்ப் பணியாளருக்கென ஆண்டுதோறும் கோடைகாலப் பயிற்சிப் பள்ளியும் நடத்தப்பட்டது. இந்நிலையத்தின் உதவியைப் பெற எந்த மதத்தினருக்கும் எச்சாதியினருக்கும் தடையில்லை.

முந்திய முயற்சிகளினின்று மார்த்தாண்டம் வேறுபட்டது எங்ஙனம்? தேனீ எச்சாதிக்கும் சொந்தமன்று. ஆகவே ரேந்தையைப் போல யாவருக்கும் திறந்த தொழில். ஆனால் ரேந்தையைப் போலன்றி, விற்பனை உற்பத்தியாளரின் சங்கத்திடமே இருந்தது. தொழிற்பள்ளியைப் போல மாணவனை வீட்டினின்று பிரிக்காமல், ஆசிரியர் மாணவனின் புழைக்கடைக்கே சென்றார். ஓட்டாலையைப் போல மிஷன் முதலாளியாகவில்லை. கற்பித்தல், கருவி, கடன், சந்தை என்னும் நான்கும் ஒரே வேலையின் நான்கு பகுதிகளாகக் கருதப்பட்டன.

இதன் உறுதியைக் காலம் சோதித்தது. 1991-92-ஆம் ஆண்டுகளில் புழுக்களைத் தாக்கும் ஒருவகை நச்சுயிரி நோய் தென்னகத்தின் நாட்டுத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது. வெளியிலிருந்து கொடுக்கப்பட்டு மட்டும் வாழும் தொழிலாயின் அத்தோடு முடிந்திருக்கும். இங்கோ, தப்பிய கூட்டங்களிலிருந்து மீண்டும் பெருக்கினர். 2023-ஆம் ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறைகள் கடந்தும் நிற்கும் தொழிற்பயிற்சி என இதைத் தயக்கமின்றிக் கூறலாம்.

6. ஊரில் நிற்பதே விடுதலையா?

ஆயினும் மார்த்தாண்டத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடுதல் வரலாற்றாசிரியரின் நேர்மையாகாது. தேனும் முட்டையும் குடும்பத்தின் துணை வருவாயை உயர்த்தின. நிலம் யாருடையது என்னும் வினாவை அவை தொடவில்லை. பெட்டி வைக்கப் புழைக்கடை உள்ளவருக்கே பெட்டி பயன்படும். பண்ணையாரின் புறம்போக்குக் குடிசையில் இருப்பவருக்குத் தேனீப் பெட்டியும் பிறர் நிலத்திலேயே நிற்கவேண்டும்.

இதனினும் ஆழமான மறுப்பு ஒன்றுண்டு. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தை இலட்சியமாகக் கொள்வதை வன்மையாகக் கண்டித்தார். ஒடுக்கப்பட்டோருக்குக் கிராமம் அடிமைத்தனத்தின் இருப்பிடம். அதைவிட்டு நீங்குதல் அவருக்கு விடுதலை. தொழிற்பயிற்சி பெற்று நகரம் சென்ற தலித் இளைஞர், ஊருக்குத் துரோகம் செய்யவில்லை. ஊர் தனக்கு இழைத்த துரோகத்தினின்று தப்பினார். அவரை நோக்கி, "கிராமத்தைக் கைவிடாதே" எனப் பிரசங்கிக்க நமக்கு என்ன உரிமை?

இங்குதான் நம் இறையியல் தெளிவு வேண்டப்படுகிறது. தொழிலை இறைவனின் அழைப்பு எனக் கண்டது லுத்தரின் பெருந்தொண்டு. அழைப்பையும் தொழிலையும் குறிக்க ஜெர்மானிய மொழியில் ஒரே சொல் வழங்குகிறது. ஆனால் ஒன்று கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தின் அழைப்புப் பற்றிய வசனத்தைச் சாதி நாட்டில் கவனமின்றிப் போதித்தால், அவரவர் குலத்தொழிலில் அவரவர் நிற்கவேண்டும் என்னும் வருணக் கோட்பாட்டுக்குக் கிறிஸ்தவ உடை உடுத்தியதாகும். அவ்வதிகாரத்திலேயே, விடுதலை பெறக்கூடுமாயின் அதைப் பெறுக என அடிமைக்கு அப்போஸ்தலர் கூறுவதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் ஆவியினால் நிரப்பப்பட்டதற்கு அடையாளம் அவனது கைத்திறனே. அத்திறனோ, செங்கல் அறுத்த அடிமைக் கூட்டத்தினின்று விடுவிக்கப்பட்டவனின் திறன். விடுதலை இல்லாத திறன் செங்கற்சூளைக்கே பயன்படும்.

எனவே ஊரில் நிறுத்துவதும் ஊரினின்று அனுப்புவதும் நம் குறிக்கோளாகா. போவதா இருப்பதா என்பதைப் பயிற்சி பெற்றவரே தெரிந்துகொள்ளும் நிலையை உண்டாக்குவதே குறிக்கோள். ஊரில் பிழைக்க வழியில்லாமையால் போகிறவர் சுதந்தரமாகப் போகவில்லை. வெளியே செல்லத் திறனில்லாமையால் இருப்பவரும் சுதந்தரமாக இருக்கவில்லை.

7. அரசின் திட்டங்களும் நம் பொறுப்பும்

விடுதலைக்குப் பின் இப்பணியின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிய டிரைசெம் திட்டம், கிராமப்புற ஏழை இளைஞருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் தத்தம் ஊரில் சுயதொழில் செய்வதை நோக்கமாகக் கொண்டது. பயிற்சிக்கும் கடனுக்கும் சந்தைக்கும் இணைப்பு அமையாததால் பயிற்சி பெற்றோர் பலர் சுயதொழிலில் நிலைக்கவில்லை. 1999-ஆம் ஆண்டில் அத்திட்டம் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமத் திறன் திட்டமோ, நிறுவனங்களில் மாதக் கூலி வேலை பெற்றுத் தருவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. முன்னது ஊரில் நிறுத்த முயன்றது; பின்னது வேலை இருக்கும் இடத்துக்கு அனுப்ப முயல்கிறது. நாசரேத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே நாம் கண்ட பழைய வினா, நாட்டளவில் மீண்டும் எழுந்துள்ளது.

அரசின் பண வலிமை திருச்சபைக்கு இல்லை; அதனோடு போட்டியிடுதலும் தேவையன்று. ஆனால் அரசிடம் இல்லாத ஒன்று சேகரத்திடம் உண்டு. பயிற்சி பெற்றவரின் பெயரையும் குடும்பத்தையும் கடனையும் ஆண்டுக்கணக்கில் அறிந்து உடன் நடக்கக்கூடிய சமூகம் அது. ஹாட்ச் மேற்கொண்ட அருகிருந்து ஆலோசனை தரும் பணிக்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேறில்லை.

ஆகவே பயிற்சி வகுப்புத் தொடங்குமுன் ஆயரும் சேகரக் குழுவும் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நலம். இத்தொழிலுக்கான பொருளை யார் வாங்குவார்? கருவியை வாங்கும் கடன் எங்கிருந்து, என்ன வட்டிக்கு வரும்? விலையையும் கணக்கையும் தீர்மானிப்பது உழைப்பவரா, சேகரமா? சான்றிதழ் வழங்கி மூன்றாண்டுக்குப் பின் அவர் வீட்டுக்குச் செல்பவர் யார்? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடையில்லையெனில் வகுப்பைத் தள்ளிவைத்து விடை தேடுவதே ஏற்றது. தையற்பயிற்சி பெற்ற இருபதின்மரும் ஒரே தெருவில் ஒருவர் மற்றவருக்குப் போட்டியாக அமர்வார்களாயின், நாம் கற்பித்தது தொழிலன்று.

இறையியல் மாணவருக்கும் ஒரு சொல். கிராம ஊழியத்துக்குச் செல்வோர் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் கற்பதோடு, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை வாசிக்கவும் கற்றல் வேண்டும். கூடாரத் தொழிலாளியான பவுல், ஆக்கில்லா பிரிஸ்கில்லா வீட்டில் தங்கித் தம் கையால் உழைத்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவ்வீட்டில் தொழிலும் விருந்தோம்பலும் சபையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. சேலத்துக் கனகராயன் பால் கடன் சங்கத்தின் பதிவேட்டைத் திறந்ததும் அத்தகைய சபையைக் கட்டும் பொருட்டே.